மூடி மட்டும் எம்புட்டு?

பாதுஷா ராவுத்தர் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைதான். மதுரை தெற்குமாசி வீதியில், பலகைக்கு இந்தப் பக்கம் என்னுடைய பொத்தான், நூல்கண்டு, ரிப்பன். அந்தப் பக்கம் அவருடைய பேனாக் கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு முக்காலி, முக்காலியின் மேல் ஒரு மனுஷன், அவ்வளவுதான். காலையில் கடை திறந்ததும் அந்த மனுஷன் ஒவ்வொரு சாமானாக மல்துணியால் துடைத்து, தூக்கிக் காட்டி, "பாரு மாப்ள, இதைப் பாரு மாப்ள" என்று என் உயிரை வாங்குவார். என் பெயர் பால்பாண்டி. அவர் வாயில் நான் மாப்ள. என் வாயில் அவர் மாமா. என்ன சொந்தம் என்று கேட்காதீர்கள். பன்னிரண்டு வருஷம் பலகைக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருந்த மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அவருக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது பங்கா இழுத்த காலத்தில். இருபது வயதில் ஒரு துரையின் ஆபீசில், சுவரோரம் உட்கார்ந்து கயிற்றை இழுத்துக் கூரைவிசிறியை ஆட்டுகிற உத்தியோகம். கண்ணுக்கு நேரே துரையின் மேசை. வெள்ளி மூடி போட்ட இரண்டு மைக்கூடு, யானைத் தந்தக் கைப்பிடி வைத்த காகிதக் கத்தி, தொட்டில் மாதிரி ஆடி ஆடி மையை ஒற்றி எடுக்கிற கட்டை. பார்த்துக்கொண்டே இருந்த பாதுஷா கயிற்றை இழுக்க மறந்துபோனார். துரைக்கு வியர்த்துக் கொட்டியது. மூன்று தடவை எச்சரித்துவிட்டு நாலாவது தடவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "வேலை போனது போகட்டும் மாப்ள, அந்த மேசையை ஆறு மாசம் பார்த்தேன்ல!" என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டிலும் சொல்லிச் சிரிப்பார். அப்படியொரு பிறவி.

ஒருத்தன் வேலை பார்க்கிற இடம் லட்சணமாக இருந்தால் வேலையும் லட்சணமாக நடக்கும் என்பது அவர் கட்சி. நான் காதில் பென்சில் செருகியிருப்பதைப் பார்த்தால் அவருக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். "காதுல வைக்கிற சாமானாடா அது? கம்மலா அது?" என்று பலகையைத் தட்டுவார். தானே படம் போட்டுக் கொடுத்து, தச்சனிடம் தோதகத்தி மரத்தில் ஓர் அடிப்பலகை செய்து வாங்கினார். அதில் பேனா படுக்க இரண்டு பள்ளம், மைக்கூடு உட்கார இரண்டு குழி, குண்டூசிக்கு ஒரு சிவப்பு வெல்வெட் மெத்தை, ஓரத்தில் ஒரு பித்தளை மேசைமணி. பார்க்கிறவர்கள் எல்லோரும் மணியை 'டிங்' என்று அடித்துப் பார்ப்பார்கள், ஆகா என்பார்கள், இரண்டு நிப்பு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு ஆபீசுக்காவது ஒரு மேசையை முழுசாகத் தானே அலங்கரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒருத்தன் கேட்கவில்லை.

பின்னே வயிறு எப்படி நிறைந்தது என்கிறீர்களா? மூடியால் நிறைந்தது.

ஊற்றுப் பேனா வந்த புதிது. ரிப்பேருக்கு வருகிற பேனாவில் உடம்பு வெடித்திருக்கும், நிப்பு வளைந்திருக்கும்; மூடியும் அதன் பொன்னிறக் கிளிப்பும் மட்டும் புத்தம் புதிதாக இருக்கும். அந்த மூடிகள் ஒரு டப்பா நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரு நாள் திருமங்கலத்துப் பக்கத்து ஆள் ஒருத்தர் கல்யாணத்துக்குப் போகிற வழியில் வந்து பேனா விலையைக் கேட்டார், தலையைச் சொறிந்தார், தன் சட்டைப்பையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "பாய், மூடி மட்டும் எம்புட்டு?" என்றார்.

அன்றைக்குத் திறந்தது வழி. எழுத வராது, வந்தாலும் எழுத வேலை கிடையாது, ஆனால் சபையில் சட்டைப்பை மின்ன வேண்டும் என்று நினைக்கிற பெரிய மனுஷர்கள் மதுரையைச் சுற்றி எத்தனை பேர் இருந்தார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். பைக்குள் மூடி சாயாமல் நிற்க, அதற்குள் விளக்குமாற்றுக் குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கிச் செருகிக் கொடுப்பார் மாமா. யாராவது பேனாவை இரவல் கேட்டால் என்ன சொல்வது? அதற்கும் ஒரு வசனம் இலவசம். "நிப்பு என் கைக்குப் பழகிருச்சு, அடுத்த கை பட்டா எழுத்து கோணிரும்." இதை ஒவ்வொருத்தரையும் மூன்று தடவை சொல்லவைத்து, பிசகில்லை என்று பார்த்த பிறகுதான் அனுப்புவார். வசனம் பொய்யும் இல்லை. அவரே தன் சொந்தப் பேனாவைப் பதினோரு வருஷமாக ஒருத்தர் கையில் கொடுத்ததில்லை. என் கையில்கூட! கேட்டுப் பார்த்தவன் நான்தான், ஆகையால் எனக்குத் தெரியும்.

மூடி வியாபாரம் எத்தனை நாள் தாங்கும்? அந்த முப்பத்தெட்டாம் வருஷம் தைக்கு முன்னால் பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. எழுதியது அவர் சம்சாரம் மைதீன் பீவியின் தம்பி ரோஷன். அங்கே அரிசிக்கடை வைத்திருக்கிறவன். "மச்சான் வந்து கடையில் உட்காரட்டும், கப்பல் டிக்கெட்டும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்" என்று எழுதியிருந்தான். மைதீன் பீவி கெட்டவள் இல்லை. மூன்று பிள்ளைகளுக்கு மூடியைக் காட்டி எப்படிச் சோறு போடுவது என்று கேட்டாள், மாமா டிக்கெட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து புறப்படப் பதினைந்து நாள் இருந்தது.

அந்தப் பதினைந்து நாளுக்குள் வந்தார் மலையாண்டி. அலங்காநல்லூருக்கு வடக்கே ஒரு கிராமத்தின் பஞ்சாயத்துத் தலைவர். ஊர்ப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் அடிக்க வருவார்கள், சொல்ல மாட்டேன். ஆள் மூடிக் கஸ்டமர்தான். மார்பில் கிளிப் தகதகவென்று இருந்தது.

"பாய், புது பஞ்சாயத்து ஆபீசு கட்டியிருக்கோம். மதுரையிலேருந்து ஆபீசர் வந்து தெறக்குறாரு. மேசை சும்மா கெடக்கக் கூடாது. ஒங்க சாமான் அம்புட்டையும் கொண்டாந்து அடுக்குங்க. ஆபீசருக்குப் புடிச்சிட்டா தாலுகா பூராம் இதே மாதிரி வைக்கச் சொல்லி எழுதிக் குடுத்துருவாரு."

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. முக்காலியிலிருந்து எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து, பலகைக்கு மேலால் என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிவிட்டார். "மாப்ள! இது நடந்தா மதுரை, இல்லைன்னா பினாங்கு! இன்ஷா அல்லா, மதுரைதான்!" என்றார். நான் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "போனாத் தேவலை, காதாவது சும்மா இருக்கும்" என்றேன். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

திறப்பு விழா அன்று கடையைப் பூட்டிவிட்டு நானும் பெட்டி தூக்கப் போனேன். அலங்காநல்லூர் வரைக்கும் பஸ், பிறகு மாட்டுவண்டி. வண்டி குலுங்கும்போதெல்லாம் மாமா மைக்கூடுகளைப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி மடியில் பிடித்துக்கொண்டார். ஆபீசில் மேசைமேல் பச்சைத் துணி விரித்து, அதன்மேல் எல்லாவற்றையும் அடுக்கி, எட்டி நின்று பார்த்து, பேனாவை அரை விரற்கடை தள்ளி, மறுபடி எட்டி நின்று பார்த்து... ஒரு மணி நேரம்! ஆனால் சும்மா சொல்லக்கூடாது. அந்தச் சுண்ணாம்பு வாசனை அடிக்கிற அறையில் அந்த மேசை ராஜா மாதிரி இருந்தது. பாராட்டாமல் இருக்க முடியாமல் பாராட்டித் தொலைத்தேன். மாமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள், போனோம்.

போனதுதான் தப்பு.

திரும்பி வந்தால் மேசைக்குக் கல்யாணம் நடந்திருந்தது. புது ஏர், புது வண்டி, புது மாடு எது வந்தாலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து மாலை போடுகிற ஊர் அது; புது மேசையை விட்டுவிடுவார்களா? மணிக்கு மாலை. குண்டூசி மெத்தைக்குக் குங்குமம். தொட்டு எழுதுகிற இரண்டு பேனாவுக்கும் நிப்பு முச்சூடும் சந்தனம், அதுவும் காய்ந்து கல்லாகிப்போன சந்தனம். மைக்கூட்டை எட்டிப் பார்த்த மாமா அப்படியே நின்றுவிட்டார். உள்ளே மை இல்லை, மஞ்சளாக ஏதோ இருந்தது.

"யாரு... மையை யாரு கொட்டுனது?"

"நாந்தேன்" என்று முன்னால் வந்தாள் மலையாண்டியின் வீட்டுக்காரி சீனியம்மாள். "மொதமொத நல்ல காரியம் நடக்குற எடத்துல கருப்பு ஆகுமா பாய்? அதேன் ரெண்டு கூட்டையும் கழுவி மஞ்சத்தண்ணி ஊத்திட்டேன். எம்புட்டு லச்சணமா இருக்கு பாருங்க!"

வெளியே மோட்டார் ஹாரன் கேட்டது. ஆபீசர் வந்துவிட்டார்.

சரிகைத் தலைப்பாகை, நீளக் கோட்டு, கோட்டுப் பையில் பளிச்சென்று ஒரு கிளிப். உள்ளே வந்தவர் மேசையைப் பார்த்ததும் நின்றார். சுற்றி வந்தார். மாலைக்கு நடுவில் விரலை விட்டு மணியை 'டிங்' என்று அடித்தார், சிரித்தார். "பேஷ்! யாருய்யா இதைச் செஞ்சது? தாலுகா பூராவும் இப்படி வைக்கச் சொல்லி எழுதலாம் போலிருக்கே!" மாமா என் கையைப் பிடித்த பிடியில் என் எலும்பு நொறுங்கியிருக்க வேண்டும்.

"சரி, வருகைப் புஸ்தகத்துல மெம்பர்மார் கையெழுத்துப் போடுங்க" என்று ஆபீசர் ஒரு பேனாவை எடுத்து மைக்கூட்டில் தொட்டு நீட்டினார். நுனியிலிருந்து மஞ்சள் சொட்டு ஒன்று பச்சைத் துணியில் விழுந்தது. கல்லாகிப்போன நிப்பைப் பார்த்தார், முகம் சுளித்தார், பேனாவை வைத்துவிட்டார். "இது எழுதாது. உங்க பேனாவிலேயே போடுங்க."

வரிசையாக நின்ற ஏழு மெம்பர் பையிலும் ஏழு கிளிப். ஏழும் மாமா விற்ற மூடி. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒருத்தர் வாங்கியது இன்னொருத்தருக்குத் தெரியாது. தன்னுடையது மட்டும்தான் மூடி, மற்ற ஆறும் அசல் என்று ஏழு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்!

மலையாண்டி ரொம்பத் தைரியமாகப் பக்கத்திலிருந்தவர் பக்கம் திரும்பினார். "காளை, ஒன் பேனாவைக் குடுப்பா."

காளை விறைத்தார். "நிப்பு என் கைக்குப் பழகிருச்சு, அடுத்த கை பட்டா எழுத்து கோணிரும்."

"சரி, நீ குடுப்பா" என்று அடுத்தவரிடம் போனார் மலையாண்டி. "நிப்பு என் கைக்குப் பழகிருச்சு, அடுத்த கை பட்டா எழுத்து கோணிரும்." அதற்கடுத்தவரும் அதே. அதற்கடுத்தவரும் அதே. ஒரு எழுத்துப் பிசகில்லை. மாமா பயிற்சி அப்படி. கடைசியில் ஆறாவது ஆள் மலையாண்டியையே கேட்க, மலையாண்டியும் கண்ணை மூடிக்கொண்டு அதையே ஒப்பித்தார். எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கூடவே பயமும் வந்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் அனுபவித்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

ஆபீசர் ஏழு பேரையும் ஒரு தடவை பார்த்தார். "ரொம்பச் சரி. அடுத்தவர் பேனா வேண்டாம். அவங்கவங்க பேனாவை எடுத்து அவங்கவங்க போடுங்க. ம், ஆகட்டும்."

ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. காளை மட்டும் பாவம், அதிகாரி சொன்னால் யோசிக்காமல் செய்கிற சாது. கிளிப்பைப் பிடித்து உருவியேவிட்டார். மூடியும், அதற்குக் கீழே ஒரு விளக்குமாற்றுக் குச்சியும் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நின்றன. வாசலில் ஊரே கூடியிருந்தது. மலையாண்டி மாமாவைப் பார்த்தார். அவ்வளவு பெரிய ஆள், மீசை வைத்த ஆள், பிள்ளை மாதிரிப் பார்த்தார். இது வெளியானால் அந்த ஏழு பேரும் சந்தையிலோ கல்யாண வீட்டிலோ தலைகாட்ட முடியாது.

மாமா என் கையை விட்டார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"ஹுஸூர், தப்பு என்னோடது. ஏழு பேர் பேனாவும் ரிப்பேருக்கு என்கிட்ட கெடக்கு. நான் வித்த சரக்கு சரியில்லைங்க, ஏழுமே ஒழுகிருச்சு. பேனா வர்ற வரைக்கும் சட்டைப்பை தொங்கக் கூடாதுன்னு அளவுக்குக் குச்சி வச்சு மூடியை மட்டும் குடுத்தனுப்பினேன். இவுக மேல ஒரு குத்தமும் இல்லை."

"ஏழுமே ஒழுகிடுச்சா?"

"ஏழுமே ஒழுகிருச்சுங்க."

"நீதான் இந்த மேசையும் செஞ்சவனா?"

"ஆமாங்க."

ஆபீசர் முகம் மாறியது. "ஏழு வித்தா ஏழும் ஒழுகுற கடைக்காரனுக்குத் தாலுகா மேசையை எழுதிக் கொடுக்கணுமாக்கும்?" என்றார்.

மாமா சட்டைப்பையிலிருந்து தன் சொந்தப் பேனாவை எடுத்தார். பதினோரு வருஷமாக ஒரு கை படாத பேனா. அதை இரண்டு கையாலும் காளையிடம் நீட்டினார். காளை போட்டார். அடுத்தடுத்து ஐந்து பேர் போட்டார்கள், அதில் இரண்டு பேர் பெயரை வரைந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். கடைசியாக மலையாண்டி. நன்றியும் பதற்றமும் சேர்ந்து, ஏரை ஊன்றுகிற மாதிரி ஊன்றினார். 'மலை' வந்தது, 'யா' வந்தது, 'ண்டி' வருவதற்குள் நிப்பு இரண்டாகப் பிளந்துவிட்டது. மிச்சத்தை வழிந்த மையைத் தொட்டு விரலாலேயே எழுதி முடித்தார். ஆபீசர் புஸ்தகத்தைச் சட்டென்று மூடி, "என் கையெழுத்தை நான் ஆபீசில் போட்டுக்கிறேன்" என்று மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்.

பஸ்ஸில் நான் கத்தோ கத்து என்று கத்தினேன். "உமக்கு என்ன வந்துச்சு மாமா? அவனவன் மானத்தை அவனவன் பார்த்துக்கிட மாட்டானா? கைக்கு வந்ததைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்திருக்கீரே!" கத்தியதில் பாதி கோபம், பாதி பயம், கப்பலுக்கு ஆறு நாள்தான் இருந்தது. மாமா பிளந்த பேனாவைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். "வித்தது நான் மாப்ள. என்கிட்ட வாங்கினவன் தலை குனிஞ்சா, அந்த வியாபாரம் எனக்கு ஹராம்" என்றார். அதற்கு மேல் நான் என்ன கத்துவது?

மறுநாள் விடிந்ததும் நான் கடை திறக்கையில், மலையாண்டி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாமா கடை வாசலில் நின்றிருந்தார். "பாய், ஒரு அசல் பேனா குடுங்க. யாருக்கும் தெரியக் கூடாது" என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் இன்னொரு துண்டு வந்தது, உள்ளே காளை. பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஏழு துண்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றன. யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. தெற்குமாசி வீதியே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். மலையாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடப்பாவிகளா, ஒங்களை நம்பித்தானேடா நான் நிமுந்து நின்னேன்!" என்றார். ஏழு பேரும் ஏழு அசல் பேனா வாங்கிக்கொண்டு போனார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் ஏழு பேனா ஏழு நாள் சோறு. வீட்டில் மைதீன் பீவி டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

நாகப்பட்டினம் ரயிலுக்கு முதல் நாள் சாயங்காலம். மாமா அலமாரிச் சாமான்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே பிரித்து வைத்த பொத்தான்கள்தான். அப்போது ஒரு ஜட்கா வந்து நின்றது. இறங்கியவர் சரிகைத் தலைப்பாகை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வம்பு வந்துவிட்டது என்று பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன்.

ஆபீசர் வீதியை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குனிந்து, "பாய், இதுக்கு உடம்பு இருக்கா?" என்று கோட்டுப் பையிலிருந்து கிளிப்பைப் பிடித்து உருவினார்.

மூடி. அதற்குக் கீழே, விரல் நீளத்துக்கு ஒரு பென்சில் துண்டு.

மாமா அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். சிரிக்கவில்லை. நானாக இருந்தால் வீதியில் உருண்டிருப்பேன்.

"ரயில்ல விழுந்து உடைஞ்சு எட்டு மாசம் ஆச்சு" என்றார் ஆபீசர். "ஆபீசில் தொட்டு எழுதுற பேனா இருக்கு, வெளியிலே இதுதான். அன்னைக்கு நாலு அதட்டுப் போட்டா என் பையை யாரும் பார்க்க மாட்டாங்கன்னு பார்த்தேன். அந்த ஆள் குச்சியை உருவினப்போ என் உசுரு போயிட்டு வந்துச்சு பாய். எனக்கு இருந்த பயம்தானே அவங்களுக்கும் இருந்திருக்கும்? நீ உன் பிழைப்பைத் தூக்கிப் போட்டு அவங்களை மறைச்சே. நான் உன்னைத் திட்டிட்டு வந்தேன். நாலு நாளா தூக்கம் இல்லை."

"அதுக்கென்னங்க" என்றார் மாமா. சுற்றி வைத்த காகிதங்களைப் பிரித்து, பொருத்தமான உடம்பு ஒன்றைத் தேடி எடுத்து, மூடியில் திருகிப் பார்த்தார். மை நிரப்பினார். நிப்பைத் துடைத்தார். எல்லாக் கஸ்டமருக்கும் செய்கிற மாதிரி, எழுதிப் பார்க்க ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

எல்லாக் கஸ்டமரும் அந்தத் தாளில் ஒரு சுழியைப் போட்டு, தன் பெயரைக் கிறுக்கிப் பார்ப்பார்கள். ஆபீசர் முக்காலியில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் முழுக்க எழுதினார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கே பலகை இடுக்கில் 'தாலுகாவிலுள்ள சகல பஞ்சாயத்து ஆபீசுகளுக்கும் மேசைச் சாமான்கள்' என்கிற வரி தெரிந்தது. கீழே நீளமாக ஒரு கையெழுத்துப் போட்டார், மையை ஒற்றினார், தாளை மாமா கையில் கொடுத்தார். "நல்லா எழுதுது" என்று சொல்லிவிட்டு ஜட்காவில் ஏறிக்கொண்டார்.

மாமா தாளைப் பிடித்தபடியே நின்றார். பிறகு பலகையை இரண்டு கையாலும் தடதடவென்று தட்டினார். "மாப்ள! டேய் மாப்ள! நான் போகலடா!"

பிரித்து வைத்த பொத்தான் எல்லாம் என் கை தட்டிக் கொட்டி, வீதி முழுக்க உருண்டு ஓடியது. பொறுக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்து நான் அழுதுகொண்டிருந்தேன்.